பழைய மோல்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா? (பிளாஸ்டிக் தொழில் வரலாறு)

அச்சுப்பட்டறை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூரில் சின்னதாக ஒரு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது. முதலில் ஒரே ஒரு கை மோல்டிங் மெஷின்தான். சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் உருகிய பிளாஸ்டிக் சரக்கு டைக்குள் (மோல்டைத்தான் டை என்போம்) இறங்கும், கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திறந்தால் ஒரு சோப்பு டப்பா மூடி. அப்புறம் ஹைட்ராலிக், அதன் பிறகு ஸ்க்ரூ மெஷின்.

இப்போது ஷெட்டைக் காலி செய்கிறேன். மகன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான், எனக்கும் முடியவில்லை. மெஷின்களுக்கு ஆள் வந்துவிட்டார்கள். பிரச்சினை மோல்டுகள்தான். சீப்பு, சோப்பு டப்பா, ஊதுபத்தி ஸ்டாண்ட், ரேடியோ குமிழ், இங்க் பேனா மூடி என்று ரேக் நிறைய நிற்கிறது. பாதிக்கு மேல் இனி எவனும் ஓட்டப்போவதில்லை. இரும்புக்காரர் கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கூடவே அப்பாவின் நோட்டுகள் இருக்கின்றன. எந்த டைக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்தச் சரக்கில் எவ்வளவு பழைய அரைவை கலக்கலாம் என்று பென்சிலில் எழுதியவை. ஒரு பலகையில் சாம்பிள்களை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.

நான் ஒன்றும் உணர்ச்சிவசப்படுகிறவன் இல்லை. ஆனால் இதையெல்லாம் யாராவது சேர்த்து வைக்கிறார்களா? நெசவுக்கு மியூசியம் இருக்கிறது, ரயிலுக்கு இருக்கிறது. நம் தொழிலுக்கு?

---

கணக்குப்பிள்ளை

அண்ணே, இரும்பு விலை நன்றாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஷெட் வாடகையை வரலாறு வந்து கட்டாது.

---

குப்பைமேடு

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தொழிலின் வரலாற்றைத் தனியாக யாரும் பத்திரப்படுத்த வேண்டியதில்லை. சென்னையில் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போனால் அது மலையாகக் குவிந்து கிடக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தடை வந்தது, இன்னும் கடைக்குக் கடை பை தொங்குகிறது. அழியாத பொருளுக்கு அருங்காட்சியகம் எதற்கு?

---

பேணுநர்

//அழியாத பொருளுக்கு அருங்காட்சியகம் எதற்கு?//

அருங்காட்சியகப் பொருட்களைப் பராமரிப்பது என் வேலை. அழியாது என்பது குப்பை மேட்டில் உண்மை, அலமாரியில் உண்மையில்லை. துண்டு துண்டாக, நுண்துகளாக மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். ஆனால் ஒரு பொம்மையாக, சீப்பாக, பையாக முழுசாக நிற்காது. எங்கள் துறையில் அதிகம் தொல்லை தருபவை என்று நான்கைச் சொல்வோம்: செல்லுலோஸ் நைட்ரேட், செல்லுலோஸ் அசிடேட், பிவிசி, பாலியூரிதேன்.

பாலியூரிதேனை நீங்களே பார்த்திருப்பீர்கள். விசேஷத்துக்கென்று எடுத்து வைத்த ஷூவை சில வருஷம் கழித்துப் பரணிலிருந்து இறக்கினால் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிரும். போடாமல் வைத்ததால் தப்பிக்காது, காற்றின் ஈரமே போதும்.

பிவிசி வேறு கதை. அதை மெதுவாக்கச் சேர்த்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், அப்புறம் பொருள் விறைத்து வெடிக்கும். இதில் பலர் நல்லெண்ணத்தோடு செய்கிற ஒரு காரியம், பாலித்தீன் பையில் சுற்றி வைப்பது. பாலித்தீன் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், கசிவு இன்னும் வேகமாகும். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் கசிவு மட்டுப்படும் என்று டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இவெட் ஷஷுவா செய்த ஆய்வுகள் காட்டின.

ஆனால் செல்லுலாய்டை, அதாவது செல்லுலோஸ் நைட்ரேட்டில் செய்ததை, மூடி வைக்கவே கூடாது. அது சிதையும்போது நைட்ரிக் அமில ஆவி வரும். அதை அடைத்து வைத்தால் தன்னையே இன்னும் வேகமாகத் தின்னும். பக்கத்தில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும், காகிதம் பொடியும். காற்றோட்டமாக, குளிர்ச்சியாக, மற்றதிலிருந்து விலக்கி வையுங்கள். அசிடேட் என்றால் வினிகர் நெடி அடிக்கும், மூக்கே சொல்லிவிடும்.

அச்சுப்பட்டறை சார், சாம்பிள் பலகையில் மிகப் பழைய சீப்பு ஏதாவது இருந்தால் உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூடம் வாசனை வந்தால் அது செல்லுலாய்ட். சூடம் சேர்த்துத்தான் அந்தப் பொருளையே செய்தார்கள். தீ வைத்துச் சோதிக்க வேண்டாம், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

---

சுருள்பெட்டி

செல்லுலாய்ட் என்றதும் சினிமாக்காரன் நான் வராமல் இருக்க முடியுமா! நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை, 1931இல் வந்த 'காளிதாஸ்' இல்லை. ஊமைப்பட காலத் தென்னிந்தியப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா'வைத் தவிர அநேகமாக எதுவுமே கையில் இல்லை. அந்தக் காலச் சுருளெல்லாம் நைட்ரேட். எரிய வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருப்பதால் தண்ணீருக்கடியிலும் எரியும். 2003இல் புனேயில் திரைப்படக் காப்பகச் சுருள்கள் இருந்த கிடங்கில் நடந்த தீவிபத்தில் போன நைட்ரேட் சுருள்கள் கொஞ்சமா?

படம் போனதைப் பற்றி நாங்கள் புலம்புகிறோம். அந்தப் படம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

---

வொர்செஸ்டர்வாசி

இந்தத் தொழிலுக்கென்று மியூசியம் வைத்துப் பார்த்த ஊர் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லியோமின்ஸ்டர். 18ஆம் நூற்றாண்டில் மாட்டுக் கொம்பில் சீப்பு செய்யத் தொடங்கிய ஊர். கொம்பு போய் செல்லுலாய்ட் வந்தபோது அதே பட்டறைகள் அப்படியே மாறிக்கொண்டன. 1920களில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் மோகம் வந்ததும் அலங்காரச் சீப்பு வியாபாரம் படுத்துவிட்டது. சீப்பு செய்த கைகள் கறுப்புக் கண்ணாடிக்கும் பொம்மைக்கும் போயின. ஃபாஸ்டர் கிராண்ட் கண்ணாடி அங்கே பிறந்ததுதான். அமெரிக்க வீட்டுப் புல்வெளிகளில் நிற்குமே இளஞ்சிவப்பு பிளமிங்கோ, அதை 1957இல் டான் ஃபெதர்ஸ்டோன் வடிவமைத்ததும் அங்கேதான்.

அந்த ஊரில் 1992இல் தேசிய பிளாஸ்டிக் மையம் என்ற பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். இருபது வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூடியபோது சேகரிப்பு சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது. நல்ல கைகளுக்குத்தான் போயிருக்கிறது, ஆய்வாளர்கள் பார்க்கலாம். ஆனால் ஊரில் சீப்புப் பட்டறையில் வேலை பார்த்தவரின் பேரன் இப்போது தாத்தா செய்ததைப் பார்க்க வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தில் கொஞ்சம் தேவலை. கொம்பு வேலைக்காரர்களின் பழைய லண்டன் சங்கம் ஒன்று, கொம்புக்கு வாரிசு இதுதான் என்று 1943இல் பிளாஸ்டிக்கைத் தன் தொழிலாக ஏற்றுக்கொண்டது. 1986இல் பிளாஸ்டிக் வரலாற்றுக்கென்றே ஒரு கழகம் தொடங்கினார்கள். போர்ன்மவுத் கலைப் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் வடிவமைப்புக்குத் தனி அருங்காட்சியகம் இருக்கிறது.

இன்னொன்று. செல்லுலாய்டைத் தொழிலாக்கிய ஜான் வெஸ்லி ஹயட்டும் அவருடைய அண்ணன் ஐசையாவும் 1872இல் ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சூடான உருளைக்குள் சரக்கை வைத்து, தண்டால் தள்ளி, அச்சுக்குள் இறக்குவது. உங்கள் அப்பாவின் கை மெஷின் அதே தத்துவம்தான். அதை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை

சரி, அமெரிக்காக்காரனே வைத்துச் சமாளிக்க முடியாமல் மூடிவிட்டான். அப்புறம் அம்பத்தூரில் யார் வைக்கப்போகிறார்கள்?

---

மேட்டூர் ஓய்வு

கட்டடம் கட்டி வைப்பது ஒன்றுதான் வழி என்று ஏன் நினைக்க வேண்டும்? நான் பிவிசி சம்பந்தப்பட்ட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தியாவில் இந்தத் தொழிலின் கதை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பாலிஸ்டைரீன் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது 1957. பாலித்தீன் 1959இல், வங்காளத்தில் ரிஷ்ராவில். கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் சிப்பெட் நிறுவனம் 1968இல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு வந்தது. மேட்டூரில் கெம்பிளாஸ்ட் பிவிசி ஆலை 1960களின் பிற்பகுதி.

மேட்டூர்க் கதையில் ஒரு விசேஷம் உண்டு. உலகமெல்லாம் பெட்ரோலிய நாப்தாவை உடைத்து, பிவிசிக்கு மூலப்பொருளான எத்திலீனை எடுத்துக்கொண்டிருந்தபோது, இங்கே சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வரும் ஆல்கஹாலில் எத்திலீன் எடுத்தார்கள். கரும்பிலிருந்து குழாய்! எந்த ஊரில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்துத் தொழில் எப்படி வளைந்துகொண்டது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? ஆனால் இதைக் கையால் செய்தவர்களுக்கு இப்போது வயது எழுபது, எண்பது. வால்வைத் திறந்தவர், ரியாக்டர் ஓட்டியவர், ஷிப்ட் லாக் புக் எழுதியவர். அவர்கள் பேச்சை யாரும் பதிவு செய்ததாக என் கண்ணில் படவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் அறிவியல் வரலாற்று நிறுவனம் என்று ஒன்று உண்டு. அங்கே வேதியியலாளர்களை உட்கார வைத்து மணிக்கணக்கில் பேட்டி எடுத்து எழுத்தாகவும் வைத்திருக்கிறார்கள். கெவ்லார் என்ற வலுவான இழையைக் கண்டுபிடித்த ஸ்டெஃபனி குவோலெக் பேட்டியும் அதில் உண்டு. நமக்கு ஒரு செல்போன் போதும்.

குப்பைமேடு தம்பிக்கு ஒரு வார்த்தை. இந்த வரலாற்றைத் தொழிலுக்குப் பெருமை சேர்ப்பது என்று மட்டும் நினைக்காதே. 1974 ஜனவரியில் அமெரிக்காவில் லூயிவில் நகர பிவிசி ஆலையில், கல்லீரலில் வரும் மிக அரிதான ஒரு புற்றுநோய் ஒரே ஆலையின் தொழிலாளர்கள் சிலருக்கு வந்திருப்பது வெளியே தெரிந்தது. கவனித்தவர் அந்த ஆலையின் மருத்துவர். ரியாக்டருக்குள் இறங்கி, சுவரில் ஒட்டிய பாலிமரைச் சுரண்டி எடுத்த ஆட்கள்தான் அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான, பிவிசி செய்யும் வாயுவான வினைல் குளோரைடை அதிகம் சுவாசித்தவர்கள். எவன் எந்த வருஷம் எந்த ரியாக்டரில் வேலை பார்த்தான் என்கிற ஏடு இருந்தால்தான் இப்படி முடிச்சுப் போட முடியும். ஏடு கிழிந்தால் சாட்சியும் போச்சு.

---

குப்பைமேடு

ஐயா, இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எனக்கு வேண்டியது சோப்பு டப்பா அல்ல, அந்த நோட்டுகள். பழைய பிவிசி குழாய்களில் சூட்டில் கெடாமல் இருக்க ஈயம் கலந்த ஸ்டெபிலைசர் போட்டார்கள். அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் இங்கே 2021இல்தான் வந்தன. பளீரென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பொருட்களில் காட்மியம் நிறமி. எந்த வருஷம், எந்தப் பொருளில், நூற்றுக்கு எவ்வளவு என்று பட்டறைக்காரர்கள் எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா? இன்றைக்கு மறுசுழற்சிக்கு வரும் சரக்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

காட்சிக்கு வைத்துக் கொண்டாடுவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

---

மேட்டூர் ஓய்வு

எழுதியிருப்பார்கள். 'டிபிஎல்எஸ் இவ்வளவு, டிஓபி ஆயில் இவ்வளவு' என்று சுருக்கமாக. முன்னது ஈய உப்பு, பின்னது மெதுவாக்கும் எண்ணெய். படிக்கத் தெரிந்தவன் இருக்கும்போதே படித்து விளக்கம் எழுதிவிட வேண்டும்.

---

அச்சுப்பட்டறை

இத்தனை பேர் பதில் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. சீப்பைத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றில் லேசாகச் சூடம் வாசனை வந்தது. அப்பா செய்ததாக இருக்காது, மாதிரிக்காக எங்கோ வாங்கியதாக இருக்கும். தனியே எடுத்து வைத்துவிட்டேன். அதை மாட்டியிருந்த ஆணியைச் சுற்றி மட்டும் பச்சையும் கறுப்புமாகத் துரு. மற்ற ஆணிகள் நன்றாக இருக்கின்றன. பேணுநர் அம்மா சொன்ன அமில ஆவிதான் போல.

எங்கள் நோட்டில் ஈயம் கிடையாது, நாங்கள் ஸ்டைரீனும் பாலித்தீனும்தான் ஓட்டினோம். நிறப்பொடி மட்டும் எழுதியிருக்கிறார், கம்பெனி எண்ணோடு. அதை வைத்து என்ன நிறமி என்று கண்டுபிடிக்க முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆனால் மோல்டு? எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை. அதோடு பாதி மோல்டு என்னுடையதே இல்லை, பார்ட்டி கொடுத்தது.

---

கிண்டி பழைய மாணவன்

//பாதி மோல்டு என்னுடையதே இல்லை, பார்ட்டி கொடுத்தது//

சார், முதலில் இதை முடியுங்கள். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்: டைக்குப் பணம் கொடுத்தவனுக்கே டை. ஆள் இருந்தால் கடிதம் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். மியூசியமாகவே இருந்தாலும் உரிமை தெளிவில்லாத பொருளை வாங்கமாட்டார்கள்.

மீதியில் எதை வைப்பது? என் கருத்து, கணினி சொல்லி வெட்டும் சிஎன்சி மெஷின் வருவதற்கு முன் கையால் செய்ததை வையுங்கள். பழைய டையின் கேவிட்டியை (பொருளின் வடிவில் குடைந்த குழியை) டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் அரம் போன தடம் தெரியும். ஃபிட்டர் இரண்டு பாதியிலும் நீலச் சாயம் தடவி, மூடித் திறந்து, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டியிருப்பார். அப்புறம் எமரி பேப்பர், டயமண்ட் பேஸ்ட். மெஷின் வெட்டிய டையில் எல்லா மூலையும் ஒரே ஆரத்தில் இருக்கும். கையால் செய்ததில் நான்கு மூலையும் நான்கு விதம், பொருளிலும் அது அப்படியே வந்திருக்கும். அந்தக் கையெழுத்தைப் படிக்க மோல்டும் வேண்டும், அதிலிருந்து வந்த பொருளும் வேண்டும்.

எடைக்குப் போகிற டைகளுக்கும் ஒரு வழி உண்டு. போகும் முன் கடைசியாக ஒருமுறை ஓட்டுங்கள். நல்ல பீஸ் மட்டும் எடுக்காமல் ஷார்ட் ஷாட்டும் எடுங்கள். கால் பங்கு நிரம்பியது, பாதி நிரம்பியது, முக்கால், முழுசு என்று வரிசையாக. சரக்கு எந்த வழியாக ஓடி எங்கே போய்ச் சேர்கிறது, இரண்டு ஓட்டம் சந்திக்கும் வெல்ட் லைன் எங்கே விழுகிறது என்பதை அந்த நான்கு துண்டும் காட்டிவிடும். எந்த மியூசியத்திலும் நான் பார்க்காத பொருள் இது, ஏனென்றால் எல்லோரும் அதை அரைத்துத் திரும்ப ஹாப்பரில் போட்டுவிடுகிறோம். ஸ்ப்ரூவையும் ரன்னரையும் (சரக்கு ஓடிவந்த வழியில் உறைந்த தண்டும் கிளையும்) வெட்டாமல் பீஸோடு சேர்த்தே வையுங்கள்.

டையின் இரண்டு பாதியையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எத்தனை கேவிட்டி, கேட் (சரக்கு நுழையும் வாய்) எங்கே, எஜெக்டர் பின் (பொருளை வெளியே தள்ளும் ஊசி) எத்தனை, எழுத்துக் கொத்தியவர் யார் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். மெஷின் ஓடுவதைச் சத்தத்தோடு வீடியோ எடுங்கள், ஓட்டுகிறவர் பேசிக்கொண்டே ஓட்டட்டும்.

வைத்துக்கொள்ளும் டைக்கு: தண்ணீர் போகும் ஓட்டைகளைக் காற்றடித்து நன்றாக உலர்த்திவிட்டுத் துருத்தடுப்பு எண்ணெய் போடுங்கள். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே இருக்கும் தண்ணீர்தான் டையைக் கொல்லும்.

---

யாழ்ப்பெடியன்

நோட்டுகளைப் பற்றி. எங்கட பக்கம் நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் புத்தகம், பத்திரிகை, துண்டறிக்கை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைக்குது. அவர்களின்ட வேலை ஈழத்து ஆவணங்கள், அதனால உங்கட நோட்டு அங்க பொருந்தாது அண்ணை. ஆனா முறை அதுதான்: பெரிய கட்டடம் இல்லாமலே தொடங்கலாம். சென்னையில ரோஜா முத்தையா நூலகத்தைக் கேட்டுப் பாருங்கோ. அவர் சேர்த்ததிலேயே நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவை தூக்கி எறிகிற காகிதம் நிறைய இருந்தது.

---

பேணுநர்

பழைய விலைப்பட்டியல், கேட்டலாக், லேபர் ரெஜிஸ்டர் இருந்தால் அதையும் நோட்டுகளோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரு பட்டறையின் காகிதம் மொத்தமும் ஒரே இடத்தில் இருப்பது பெரிய விஷயம், பிரித்துவிட்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

சாம்பிள் பலகையைக் கழற்றாமல் முதலில் முழுசாகப் படம் எடுங்கள். எதற்குப் பக்கத்தில் எதை மாட்டினார் என்பதும் தகவல்தான். பிறகு செல்லுலாய்ட், பிவிசி இரண்டையும் மட்டும் விலக்குங்கள். பேக்கலைட் (சூட்டில் உருகாத பழைய வகை பிளாஸ்டிக்) குமிழ்கள் இருந்தால் வெயில் படாமல் வைத்தால் போதும், அவை நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை

நான் சொன்னது சொன்னதுதான், ஆனால் ஒரு யோசனை. இரும்புக்காரரிடம் மொத்தமாக எடை போடாமல், அந்தக் கையால் செய்த டைகளைத் தவிர்த்துவிட்டு விலை பேசுங்கள். அவை எடையில் சின்னதாகத்தான் இருக்கும், பணத்தில் பெரிய வித்தியாசம் வராது.

---

அச்சுப்பட்டறை

எடை போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான். கை மெஷினும், சோப்பு டப்பா, சீப்பு, பேனா மூடி டைகளும் இருக்கட்டும் என்று முடிவு. மாமனார் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மூலை கேட்டிருக்கிறேன். பார்ட்டி டைகளுக்குக் கடிதம் போட்டாச்சு. பழைய ஆபரேட்டர் திருமுல்லைவாயிலில் இருக்கிறார், கை மெஷினை ஓட்டிக் காட்ட வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஷார்ட் ஷாட் எடுக்கப்போவதாகச் சொன்னதற்குத்தான் சிரித்தார். வாழ்நாள் முழுக்க அது வராமல் இருக்கத்தானே பாடுபட்டோம் என்றார்.

ஒரு உதவி வேண்டும். அப்பாவின் நோட்டுகள் நீளமான கணக்கு நோட்டுகள். என் வீட்டு ஸ்கேனரில் பக்கம் முழுசாக விழவில்லை. பென்சில் எழுத்து வேறு மங்கல். யாரிடமாவது பெரிய ஸ்கேனர் இருக்கிறதா?

---

சுருள்பெட்டி

ஸ்கேனரில் அழுத்த வேண்டாம், தையல் விட்டுவிடும். என்னிடம் மேலிருந்து படம் எடுக்கும் ஸ்டாண்டும் இரண்டு விளக்கும் இருக்கின்றன, பழைய பாட்டுப் புத்தகங்களுக்காக வாங்கியது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் பென்சில் எழுத்து தெளிவாக விழும். ஞாயிறு காலையில் கொண்டு வருகிறேன். ஷெட் எந்தத் தெரு என்று தனி மடலில் சொல்லுங்கள். மேட்டூர் ஐயாவுக்கும் முடிந்தால் வரட்டும், சுருக்கெழுத்தை அங்கேயே படித்துச் சொல்லிவிடலாம்.